மகளுக்குப் பிரெஞ்சில் வந்த வேலைகள்

கைப்பேசிச் செயலிகளுக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரெஞ்சுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஹைதராபாத் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இதைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களே கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். நான் காரைக்காலில் பிறந்தவள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தேன். கணவருக்கு இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. இந்த ஊருக்கு வந்த புதிதில் இன்டர்மீடியட், அதாவது இங்கத்திய பிளஸ் டூ, மாணவர்களுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுத்தேன். மதிப்பெண் தாராளமாக வரும் என்பதற்காகவே இங்கே பிள்ளைகள் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுப்பார்கள், பரீட்சை முடிந்ததும் வணக்கம் சொல்வதைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். பிறகு மாதாப்பூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்யும்படி வேலை கொடுத்தது. முதல் வரைவு என்னுடையது. பிரான்ஸில் இருக்கும் ஒரு பெண்மணி அதைத் திருத்துவார். அவரை நான் பார்த்ததில்லை. எக்செல் தாளின் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புகள்தான் எனக்கு அவர்.

சென்ற ஆண்டு ஒரு பெரிய வேலை வந்தது. அலுவலகத்தில் யாருக்கு என்ன வேலை, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், முடித்தார்களா என்று பார்த்துக்கொள்ளும் செயலி. அதன் சொற்கள் அகரவரிசையில் வந்து சேர்ந்தன. எந்தச் சொல் எந்தத் திரையில் வரும், யார் கண்ணில் படும் என்று தாளில் ஒன்றும் இருக்காது. வேலையை ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு அகராதியைப் பார்த்து ஒரு சொல் போட்டால், "இது நீதிமன்றத்திலிருந்து சம்மன் வருவது போல இருக்கிறது" என்று குறிப்பு வரும். கெடுவைக் குறிக்க ஒரு சொல் போட்டால், "இதைப் படிக்கிறவருக்குக் கடன் தவணை ஞாபகம் வரும்" என்பார். 'பிறகு நினைவூட்டு' என்பதைப் பிரெஞ்சில் எழுதினால் பொத்தானுக்குள் அடங்காமல் வெளியே வழியும். கடைசியில் ஒருநாள் மொத்தத் தாளுக்கும் சேர்த்து ஒரே குறிப்பு எழுதியிருந்தார்: எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் உயிருள்ள யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்.

அது என்னைச் சுட்டது. இருபது வருடமாகப் பிரெஞ்சோடு இருப்பவள், புத்தகப் பிரெஞ்சு எழுதுகிறாள் என்று ஒருவர் சொல்லிவிட்டார். நிறுவனத்தில் கேட்டேன். செயலியின் சோதனை வடிவத்தைத் தருகிறோம், அதில் ஏதாவது வேலைகளைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், சொற்கள் இடத்தோடு தெரியும் என்றார்கள். இரண்டு பேர் இருந்தால்தான் ஒருவர் மற்றவருக்கு வேலை கொடுப்பதைப் பார்க்க முடியும். கணவரின் கைப்பேசி பகல் முழுக்கத் தொழிற்சாலை வாசலில் லாக்கரில் இருக்கும். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எனவே மகளைச் சேர்த்தேன். அவள் அப்போது இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு. பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் அதே கல்லூரியில்தான். அவளும் பிரெஞ்சு எடுத்திருந்தாள்.

முதலில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. 'பால் வாங்கு', 'துணி மடி' என்று நான் போட்ட சின்ன வேலைகள் அவள் கைப்பேசியில் பிரெஞ்சு அறிவிப்புகளாகப் போய்ச் சேரும். அந்தச் செயலியில் எல்லோரையும் மரியாதைப் பன்மையில்தான் அழைக்க வேண்டும் என்பது விதி.

"அப்பா, இங்க வாயேன். அம்மா என்னை வாங்க போங்கன்னு கூப்பிடறா!" என்று கத்தினாள்.

"எனக்கே இந்த வீட்டுல அந்த மரியாதை கிடைச்சதில்ல" என்றார் அவர்.

"நீங்களும் பிரெஞ்சு கத்துக்கோங்க" என்றேன் நான்.

பால், துணி என்று போட்டபோது வாக்கியங்கள் பொம்மை போல இருந்தன. நிஜமான வேலை, நிஜமான கெடு இருந்தால்தான் ஒரு நினைவூட்டல் எவ்வளவு உறைக்கிறது என்று தெரியும் என்று எனக்குத் தோன்றியது. எனவே அவள் படிப்பை உள்ளே போட்டேன். இயற்பியலில் இத்தனை பாடம், வேதியியலில் இத்தனை கணக்கு, போன மாதிரித் தேர்வில் தப்புவிட்டவை எல்லாம். கெடு தாண்டினால் செயலி என்ன சொல்கிறது என்று பார்க்கச் சிலவற்றுக்கு வேண்டுமென்றே பழைய தேதி கொடுத்தேன். 'தாமதமாகிவிட்டது' என்ற சொல்லை அதன் இடத்தில், என் பெண்ணின் பெயருக்குக் கீழே, சிவப்பில் பார்த்தபோது என் மொழிபெயர்ப்பு எங்கே இடறுகிறது என்று உடனே புரிந்தது. திருத்தினேன். பிரான்ஸிலிருந்து வந்த குறிப்புகள் குறைந்தன.

நல்ல முறை கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். சோதனை எப்போது சோதனையாக இல்லாமல் போனது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்ல முடியவில்லை. காலையில் எழுந்ததும் மொழிபெயர்ப்புத் தாளைத் திறப்பதற்கு முன்னால் அவள் கணக்கைத் திறந்து முடித்தவை எத்தனை பச்சை, தாமதமானவை எத்தனை சிவப்பு என்று பார்க்க ஆரம்பித்திருந்தேன். பச்சையைப் பார்த்தால்தான் காபி இறங்கியது. இந்த ஊரில் அவள் வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் இப்படி ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சிலர் ரேங்க் பட்டியலைப் பார்க்கிறார்கள். சிலர் பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும் அறையின் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். நான் பயந்த சுபாவக்காரி. நிறம் தெரிந்தால் பயம் கொஞ்சம் அடங்கியது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "அம்மா, நான் உனக்குப் பொண்ணா, டெஸ்ட் டேட்டாவா?"

"ரெண்டும்தான்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைவு.

மாதிரித் தேர்வு ஒன்றில் மதிப்பெண் மிகவும் சரிந்தது. கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி வந்த மாலை, நான் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இங்க பாரு. தெர்மோடைனமிக்ஸ், முடிஞ்சதுன்னு இருக்கு. ஆர்கானிக், முடிஞ்சதுன்னு இருக்கு. எல்லாம் பச்சை. அப்புறம் எப்படிடீ இந்த மார்க்?"

"முடிக்கல மா."

"முடிக்காம எதுக்கு டிக் போட்டே?"

"டிக் போட்டாதான் நீ கேக்கறதை நிறுத்துவே."

என் கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். எனக்கு வந்த கோபத்தில் பொய் சொல்கிறவளை நான் பெறவில்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. "இனிமே உன்னை நான் எதுவும் கேக்கப்போறதில்ல. நீயாச்சு உன் படிப்பாச்சு" என்றேன். எல்லாத் தாய்மார்களும் சொல்கிற வாக்கியம்தான். அதைச் சொல்லிவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்கே மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் பாக்கி. ஒருவருக்கு எந்த வேலையும் இல்லாதபோது வெற்றுத் திரையில் வருவது. ஆங்கிலத்தில் ஆச்சரியக்குறியோடு ஒரு குதூகலம் இருந்தது. பிரெஞ்சில் அதை அப்படியே வைத்தால் சிறுபிள்ளைத்தனமாகிவிடும். 'செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உங்கள் நாளை நன்றாகக் கழியுங்கள்' என்ற பொருளில் அடக்கமாக எழுதினேன். திரையில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் கவனித்தேன்: இத்தனை மாதத்தில் அந்தத் திரையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவள் கணக்கில் வேலை இல்லாத நாளே இருந்ததில்லை.

கடவுச்சொல் எனக்குத் தெரியும் என்பதால் கணினியில் அவள் கணக்கைத் திறந்தேன். பக்கத்தில் என் கணக்கிலிருந்து, அவளுக்குக் கொடுத்திருந்த எல்லா வேலைகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் திரும்பப் பெற்றேன். அவள் கணக்கில் வெற்றுத் திரை வந்தது. வெளிர் நீலத்தில் ஒரு மேகப் படம், அதற்குக் கீழே என் வாக்கியம். நன்றாக உட்கார்ந்திருந்தது. பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துத் தாளை அனுப்பிவிட்டுச் சமைக்கப் போனேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் கைப்பேசிக்கு அறிவிப்பு போகும் என்பது என் நினைவிலேயே இல்லை. என் கைப்பேசியில் அறிவிப்புகளை எப்போதோ நிறுத்தி வைத்திருந்தேன்.

மாலை அவள் வரும் நேரம் தாண்டியது. அழைத்தேன், கைப்பேசி அணைந்திருந்தது. கல்லூரிக்கு அழைத்தால், மதியத்துக்குப் பிறகு வகுப்பில் இல்லை, வீட்டில் சொல்லியிருப்பாள் என்று நினைத்தோம் என்றார்கள். கல்லூரிக்குள் கைப்பேசி கூடாது என்பதால் பிள்ளைகள் எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆட்டோ பிடித்து அந்தக் கடைக்குப் போனேன். மதிய இடைவேளையில் வந்து கைப்பேசியைக் கேட்டு வாங்கினாள் என்றார் கடைக்காரர். வெகுநேரம் கடை நிழலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். உடம்பு சரியில்லையா அம்மா என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறேன் அங்கிள் என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தம் பக்கம் போய்விட்டாள்.

அங்கே நின்றபடி என் கைப்பேசியில் செயலியைத் திறந்தேன். அவளுக்குப் போனவை வரிசையாகக் கிடந்தன. உங்கள் வேலை திரும்பப் பெறப்பட்டது. உங்கள் வேலை திரும்பப் பெறப்பட்டது. உங்கள் வேலை திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே, செய்தவர் என்ற இடத்தில் நான். முந்தின நாள் மாலை நான் சொன்ன வாக்கியம் ஞாபகம் வந்தது. கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார், நான் உட்கார்ந்தது எனக்கே தெரியாது. இந்த ஊரில் பரீட்சைக் காலத்தில் செய்தித்தாளில் என்னென்ன படிக்கிறோம். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, அந்தத் தாய் எப்படிக் கவனிக்காமல் இருந்தாள் என்று கேட்டவள்தான் நானும்.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைத்தேன். அவர்கள் பிரிவுக்குச் சொல்லி, பிரிவிலிருந்து அவரைக் கூட்டிவந்து, அவர் லாக்கரைத் திறந்து எனக்கு அழைப்பதற்குள் நான் அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொரு கல்லூரிச் சீருடையையும் பார்த்து முடித்திருந்தேன்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். "மெட்டுகுடாவுக்குப் போயிருப்பா" என்றார்.

"மெட்டுகுடாவுல யாரு?"

"அவளோட ஃபிரெண்டு. முதல் வருஷம் கூடப் படிச்சதே, அப்புறம் காமர்ஸ் குரூப் மாறிடுச்சே, அந்தப் பொண்ணு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சில ஞாயித்துக்கிழமை நான்தான் கொண்டுபோய் விட்டிருக்கேன்."

"டவுட் கிளாஸுன்னு சொன்னீங்களே?"

"அவதான் அப்படிச் சொல்லச் சொன்னா. நீ திட்டுவேன்னு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இரு, நான் வந்துடறேன்" என்றார்.

அந்தப் பெண்ணோடு சேராதே, சயின்ஸ் குரூப்பை விட்டவள் சகவாசம் நமக்கெதற்கு என்று சொன்னது நான்தான். ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். தார்நாகா தாண்டும்போது ஒருமுறை கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டார்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் கதவைத் திறந்தது தோழியின் அம்மா. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும், ஹைதராபாத் இந்தி கலந்து பேசும் தமிழ்க் குடும்பம். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அரே, கைக்கு? எதுக்கும்மா இப்படி ஓடி வரீங்க? உள்ள வாங்கம்மா. உங்க பொண்ணு இங்கதான் இருக்குது. வீட்டுல சொல்லிட்டேன் ஆன்ட்டின்னு சொல்லுச்சே! சாப்பிட்டுப் படுத்துருக்குது."

"எழுப்பறேன்" என்று நான் உள்ளே போகப் பார்த்தேன்.

"நக்கோ நக்கோ, எழுப்பாதீங்க. எத்தினி நாள் தூக்கமோ, பாவம். டிவி கத்துது, அதுக்குக் காதுலயே விழல."

கூடத்தின் நடுவில் வெறும் பாயில், கல்லூரிச் சீருடையோடு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தோழி பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் கொறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள். நான் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் அழாதவள் அங்கேதான் அழுதேன். அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

"அது டெஸ்டுடீ" என்றேன். முதலில் வந்த சொல் அதுதான். "வேலைக்காகப் பார்த்தேன். நான் உன்னைக் கைவிடல. நேத்து சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"ஹவ் மா, ஆமா, தெரியும்" என்றாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"தெரியுமா?"

"நோட்டிஃபிகேஷன்ல வேலையோட பேர் வர வேண்டிய இடத்துல பேரே இல்ல, வெறும் பிராக்கெட்தான் இருந்துச்சு. நீ ஏதோ டெஸ்ட் பண்றேன்னு பார்த்ததும் தெரிஞ்சுது. முதல்ல சிரிப்புதான் வந்துச்சு."

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடைசியில ஓபன் பண்ணினா, உள்ள ஒண்ணுமே இல்ல. அந்த மேகம் மட்டும். செய்ய ஒண்ணுமில்ல, நல்லா இருங்கன்னு நீ எழுதியிருந்தே. எவ்ளோ லைட்டா இருந்துச்சு தெரியுமா மா. பொய்யின்னு தெரிஞ்சும். நீ நிஜமாவே என்னை விட்டுட்டா எவ்ளோ நல்லா இருக்கும்னு தோணுச்சு. அப்படித் தோணினது எனக்கே பயமா இருந்துச்சு. அந்த முகத்தோட வீட்டுக்கு வர முடியல."

அவள் தவறாகப் புரிந்துகொண்டாள் என்றால் சரியாகச் சொல்லித் திருத்தியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். தோழியின் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். "பசங்கம்மா, பேசும். குடிங்க முதல்ல" என்றார். குடித்தோம்.

அன்று இரவே அவள் கணக்கைச் செயலியிலிருந்து அழித்தேன். சில நாட்களில் பிரான்ஸிலிருந்து தாள் திரும்பி வந்தது. திருத்தம் அநேகமாக எதுவும் இல்லை. அந்த வெற்றுத் திரை வாக்கியத்துக்கு எதிரே, 'அழகாக இருக்கிறது, எதையும் தொடவில்லை' என்று எழுதியிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் எழுதிய முதல் பாராட்டு. நன்றி என்று ஒரு வரி எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

நுழைவுத் தேர்வை அவள் எழுதவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம். சரி என்றாள். இப்போது டிகிரி கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று தானாகவே சொல்லிவிட்டுப் போகிறாள். சொன்ன நேரத்துக்கு வருகிறாள். வந்து சேர்ந்ததும் செய்தி அனுப்புகிறாள். முன்பெல்லாம் என்னோடு சண்டை போடுவாள், கதவைச் சாத்துவாள், பாட்டைச் சத்தமாக வைப்பாள். இப்போது ஒன்றும் இல்லை. உறவினர்கள் பொறுப்பான பெண் என்கிறார்கள். அவள் அமைதியாக இருக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வைத்து அவள் அறைக்குள் எட்டிப் பார்க்கிறேன். செய்தி வரும் ஓசை கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கைப்பேசியை எடுக்கிறேன். அந்த மதியத்தில் தோன்றியது இப்போதும் தோன்றுகிறதா என்று கேட்க வேண்டும். பிரெஞ்சிலும் தமிழிலும் அந்தக் கேள்வியை மனதுக்குள் பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எப்படி எழுதினாலும் அவளை விசாரிப்பது போலவே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சோஃபாவில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கைப்பேசி இல்லை, புத்தகம் இல்லை. நான் மாடியிலிருந்து காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தவள் வாசலில் நின்றுவிட்டேன். அவள் அப்படிச் சும்மா கிடப்பதைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றுதான் நின்றேன்.

அவள் திரும்பினாள். "என்ன மா?"

"ஒண்ணுமில்ல. படுத்திரு."

"ஏதாவது செய்யணுமா?"

"வேணாம்டா. சும்மா படுத்திரு."

அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என் கையிலிருந்த துணிகளை வாங்கி மடியில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். அவள் அப்பாவின் சட்டைகள், என் புடவை, தலையணை உறைகள். ஓரங்களைச் சேர்த்து, அழுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக. நான் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தேன். அதையும் மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுக்கை என் பக்கம் நகர்த்தி, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வேற ஏதாவது இருக்கா மா?"